மானாவாரி நிலத்தில் மழைநீரைத் தேக்கி நிறுத்துவது எப்படி? முதலில் குடையோடு காட்டுக்குப் போங்கள்

பண்ணைக்குட்டை எங்கே வெட்டலாம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: மழை பெய்து கொண்டிருக்கும்போது உங்கள் காட்டில் (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம்) நின்றிருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். மழை வந்தால் வீட்டுக்கு ஓடுவது, விட்ட பிறகு போய்ப் பதம் பார்ப்பது, அதுதான் நம் பழக்கம். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எந்தப் புல்லடியில் தயங்கி நிற்கிறது, எந்த மூலை வழியாக மண்ணையும் வாரிக்கொண்டு வெளியே போகிறது என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். இடி மின்னல் இருந்தால் மட்டும் போகாதீர்கள், திறந்த வெளியில் நிற்பது உயிருக்கே ஆபத்து.

எங்களுக்கு விருதுநகர் பக்கம் மூன்று ஏக்கர் செவக்காடு, அதாவது செம்மண் நிலம். பார்த்தால் சமதளம் போலத்தான் இருக்கும், அளந்து பார்த்தால் நூறு அடிக்கு இரண்டடி இறங்குகிறது. இது தெரியாமல் நான் முதலில் செய்த வேலை, ஜேசிபி வைத்துக் கீழ்மூலையில் பெரிய குட்டை வெட்டியது. ஐப்பசி மழையில் நிறைந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. தை மாதம் வற்றியபோது பார்த்தால் உள்ளே ஒன்றரை அடிக்கு வண்டல். அத்தனையும் என் மேல்காட்டு மண். குட்டையில் தண்ணீர் நின்ற நாட்களில் மேலே இருந்த துவரை வாடிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கீழே போய்ப் பிடிக்க நினைத்தது தப்பு, மேட்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். மேலே வேகத்தைக் குறைத்து, பரப்பி, மண்ணுக்குள் இறக்கி, அதற்கும் மிஞ்சியதைத்தான் கீழே சேமிக்க வேண்டும். இந்த வரிசை பிடிபட எனக்கு மூன்று மழைக்காலம் ஆயிற்று, உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது இரண்டு லட்சம் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிப்போனாலும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்துக்கு மேல். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 920 மில்லிமீட்டர் அளவில், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது, அதுவும் சில நாள் கனமழையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே மழை போதவில்லை என்று சொல்வதற்கு முன்னால், விழுந்த மழை நிலத்தில் எத்தனை நேரம் நின்றது என்று பார்க்க வேண்டும்.

மழையில் என்ன பார்ப்பது

மழை பிடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மண் மேல் முதல் தண்ணீர் நகரத் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது? வெற்றுச் செவலில் ஐந்து பத்து நிமிடத்திலேயே ஓடத் தொடங்கிவிடும், அதே காட்டில் அருகம்புல் படர்ந்த பொழியில் (நிலத்தின் ஓர வரப்பில்) வெகுநேரம் ஓடாது. காரணம், துளி வெற்று மண்ணில் நேராக அடிக்கும்போது மண்கட்டி உடைந்து நுண்மண் தெறிக்கிறது, அது துவாரங்களில் போய் அடைத்து, காய்ந்ததும் அப்பளம் மாதிரி ஒரு ஓடு கட்டிவிடுகிறது. அடுத்த மழைக்கு அந்த ஓட்டின் மேல் தண்ணீர் சறுக்கிக்கொண்டு போகிறது. அடியில் ஒரு சாண் கீழே தோண்டினால் மண் காய்ந்தே கிடக்கும். புல்லோ சருகோ மேலே இருந்தால் துளியின் அடி மண்ணில் விழாது, ஓடு கட்டாது, வேர் போன வழியும் கரையான் போன வழியும் தண்ணீருக்குக் குழாயாகிவிடும்.

கையில் பத்திருபது குச்சி வைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளே நுழையும் இடம், இரண்டு ஓட்டம் ஒன்று சேரும் இடம், நிறம் கலங்கலாக மாறும் இடம், வெளியேறும் இடம், எல்லாவற்றிலும் ஒவ்வொன்று ஊன்றிவிடுங்கள். போனில் வீடியோ எடுத்தாலும் சரி. ஆனால் வீடியோவில் சரிவு தெரியாது, குச்சிதான் அடுத்த நாள் வேலைக்கு உதவும்.

மழையைத் தவறவிட்டவர்களும் மறுநாள் பார்க்கலாம், தண்ணீர் போன தடம் விட்டுத்தான் போகும். சருகும் ஆட்டுப் புழுக்கையும் வளைந்த கோடாக ஒதுங்கிக் கிடந்தால் அதுவரை தண்ணீர் வந்து நின்றிருக்கிறது. சிறு கல் ஒவ்வொன்றும் சின்ன மண் தூணின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தால், அந்தத் தூணின் உயரம்தான் சுற்றியிருந்த மண் போன அளவு. செடியின் வேர்க்கழுத்து வெளியே தெரிந்தாலும் அதே கதைதான். மெல்லிய வண்டல் படிந்து வெடித்திருக்கும் இடம், தண்ணீர் இளைப்பாறிய இடம், அதைத்தான் நாம் பெரிதாக்கப் போகிறோம்.

செடி கொடிகளும் சொல்லும். கோரை மண்டிக் கிடக்கும் இடத்தில் அடிமண் இறுகி நீர் தேங்குகிறது. நாணல், நொச்சி இருந்தால் ஓட்டத்தை ஒட்டிய ஈரம். கொழுஞ்சியும் ஆவாரையும் சரளை மேட்டில் நன்றாக வரும், அங்கே ஆழமாக மண் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாசி, பங்குனியில் சுற்றியெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு திட்டு மட்டும் பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள், அது தற்செயலாக இருக்காது. மேலிருந்து வரும் நீர் அங்கே இறங்குகிறது, அல்லது அடியில் பாறையோ சுக்கான் கல்லோ அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஒரு செடியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சரிவு, மண், செடி மூன்றும் ஒரே பேச்சுப் பேசினால் நம்பலாம்.

டப்பா சோதனை

அடியை வெட்டி எடுத்த பழைய பெயின்ட் டப்பா ஒன்று போதும். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறங்கும்படி தட்டி வையுங்கள், உள்ளே ஒரு இலையைப் போட்டு, அதன் மேல் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறியுங்கள். காய்ந்த மண் முதல் தடவை சட்டென்று குடிக்கும், அதை நம்பாதீர்கள், மூன்றாம் தடவைதான் உண்மையான வேகம். வெற்று மண்ணில் ஒன்று, புல்லில் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று என்று செய்து பாருங்கள். ஒரு அங்குலம் வற்ற ஒரு மணி நேரம் ஆனால் உங்கள் மண் மணிக்கு 25 மில்லிமீட்டர்தான் குடிக்கும், மழை மணிக்கு 40 மில்லிமீட்டர் வேகத்தில் அடித்தால் மிச்சம் 15 ஓடத்தான் செய்யும். மரத்தடி அளவு வெற்று மண்ணைவிடப் பல மடங்கு கூடுதலாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், வறண்ட நிலங்களில் எங்கும் காண்கிற விஷயம் அது. எந்த இடத்தில் தண்ணீரை நிறுத்தினால் உள்ளே இறங்கும், எந்த இடத்தில் நிறுத்தினால் ஆவியாகத்தான் போகும் என்பது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

மட்டம் பிடிப்பது

தண்ணீரை மேட்டிலேயே நிறுத்தும் வரப்பு முழுக்க ஒரே மட்டத்தில் போக வேண்டும். கண்ணை நம்பிப் போட்டால் ஒரு இடத்தில் தாழ்ந்துவிடும், தண்ணீர் முழுக்க அங்கே சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து மட்டம் பார்க்கலாம். தனி ஆளென்றால் ஏழடிக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. இரண்டு காலையும் இரண்டு இடத்தில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு குழியில் வைத்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ளதுதான் மட்டம். அப்புறம் ஒரு காலை ஊன்றி, மறு காலை நூல் நடுக்கோட்டில் விழும் வரை மேலும் கீழும் நகர்த்தி, அங்கே சுண்ணாம்பு போட்டு, அப்படியே காட்டைக் குறுக்காகக் கடந்து போங்கள். வளைந்து வளைந்துதான் போகும். உழவு மாடோ டிராக்டரோ திரும்ப வசதியாகச் சின்னச் சின்ன நெளிவுகளை நிமிர்த்திக்கொள்ளலாம், பெரிய வளைவை நிமிர்த்தக் கூடாது.

செவலில் ஒவ்வொரு இரண்டடி இறக்கத்துக்கும் ஒரு வரப்பு என்று வைத்துக்கொண்டால், என் காட்டில் நூறடிக்கு ஒன்று வருகிறது. மேல்பக்கம் மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் போடுங்கள். அடியில் நாலடி, தலையில் ஒரு அடி, மண் அமர்ந்த பிறகு ஒன்றரை அடி உயரம். இந்தச் சரிவில் ஒரு அடி தண்ணீர் நின்றால் ஐம்பது அடி தூரம் பின்னுக்கு ஏறி நிற்கும், அத்தனை இடத்திலும் இறங்கும்.

இங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. எல்லாத் தண்ணீரையும் பிடித்துவிடும் ஆசையில் வழிய இடம் விடாமல் வரப்பைப் போட்டேன். ஒரே ராத்திரி மழையில் மேல் வரப்பு உடைந்து, அந்த வெள்ளம் அடுத்ததை உடைத்து, அது அதற்கடுத்ததை உடைத்து, ஐந்து வரப்பும் போயிற்று. கண்மாய் கட்டிய நம் முன்னோர் கரையோடு கலுங்கையும் (மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் இடம்) சேர்த்தே கட்டினார்கள், நம் வரப்புக்கும் அது வேண்டும். வரப்பின் தலையைவிட அரை அடி தாழ்வாக, மூன்று நாலடி அகலத்துக்குக் கல் பாவி, தண்ணீர் விழும் கீழ்ப்பக்கத்திலும் கல் பரப்புங்கள். ஒரு வரப்புக்கு இடது ஓரத்தில் வைத்தால் அடுத்ததற்கு வலது ஓரத்தில் வையுங்கள், தண்ணீர் காடு முழுக்க நடந்து இறங்கும்.

கரிசல்காட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன மட்ட வரப்பு உங்களுக்குச் சரிவராது. கரிசல் காய்ந்தால் வெடிக்கும், முதல் மழை அந்த வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போகும், ஆனால் நனைந்து உப்பி வெடிப்பு மூடிவிட்டால் தண்ணீர் இறங்குவது மிகவும் மெதுவாகிவிடும். வரப்பு போட்டு நிறுத்தினால் பயிர் அழுகும், வரப்பும் வெடித்து உடையும். உங்களுக்கு ஆழச்சால் அகலப்பாத்திதான் நல்லது, அதாவது அகலமான மேட்டுப்பாத்தி, அதன் இரு பக்கமும் ஆழமான சால். சாலுக்கு மிக லேசான சரிவு கொடுத்து, மிச்சத்தைப் புல் வளர்ந்த வடிகாலில் விட்டு, அங்கிருந்து குட்டைக்குக் கொண்டு போகலாம். குட்டை என்பது கரிசலுக்குத்தான் உண்மையில் பொருந்தும், தண்ணீர் அதிகம் கசியாமல் நிற்கும்.

புல்தான் பெரிய வேலைக்காரன்

மண் வரப்பு வருடா வருடம் கரையும், எலி துளைக்கும், ஆடு மிதிக்கும். அதைக் காப்பாற்றுவது மேலே வளரும் புல்தான். கொழுக்கட்டைப்புல் விதையை ஆடி, ஆவணியில் வரப்பு முழுக்கத் தூவிவிடுங்கள், வறட்சியைத் தாங்கும், மாட்டுக்கும் ஆகும். அடிவரப்பில், வேகம் அதிகமாக வரும் இடத்தில், வெட்டிவேர் நாற்றை அரை அடிக்கு ஒன்றாக மட்டக்கோட்டிலேயே நடுங்கள். அதன் வேர் பக்கத்தில் படராமல் பத்தடிக்கும் கீழே நேராக இறங்கக்கூடியது, பயிரோடு அதிகம் போட்டி போடாது. இரண்டு மூன்று மழைக்காலத்தில் நெருங்கி வேலியாகிவிடும். தண்ணீர் அதன் ஊடாகப் போகும், மண் போகாது, மேல்பக்கம் வண்டல் சேர்ந்து சேர்ந்து சரிவு தானாகவே படிக்கட்டாகும். இடையில் செத்துப்போன நாற்றை மட்டும் மறுவருடம் தவறாமல் நட்டுவிடுங்கள், ஒரு முழ இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். கோடையில் பொழிக்குத் தீ வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரு தீயில் மூன்று வருட வேலை போய்விடும்.

மரம் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மரம் மழையை உள்ளே இறக்கவும் செய்யும், இறங்கியதைக் குடிக்கவும் செய்யும். புர்கினா பாசோவின் மானாவாரித் தோப்புகளில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மரமே இல்லாத இடத்தையும் நெருக்கமாக மரம் உள்ள இடத்தையும்விட, நடுத்தரமாக விட்டு விட்டு மரம் நிற்கும் இடத்தில்தான் நிலத்தடிக்கு அதிகத் தண்ணீர் போகிறது என்று காட்டியது. என் காட்டில் வரப்புக்கு ஒன்றிரண்டு வேம்பும் புங்கும், அவ்வளவுதான். நெருக்கமாக நட்டுக் காடாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உங்கள் மழை எவ்வளவு, கிணறு எவ்வளவு ஆழம் என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். கண்மாய் உள்வாயிலும் (தண்ணீர் தேங்கும் பரப்பு) வரத்துக்காலிலும் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய்) அது இருக்கக் கூடாது, வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டால் மறுபடி தழைத்து இன்னும் புதராகும். ஆனால் சரிவான மேட்டில் இருப்பதை ஜேசிபி வைத்து ஒரே நாளில் பிடுங்கிவிட்டு வெற்று மண்ணை ஐப்பசி மழைக்குக் காட்டாதீர்கள். ஒரு பட்டை எடுத்து, அங்கே மட்ட வரப்பும் புல்லும் பிடித்த பிறகு அடுத்த பட்டைக்குப் போங்கள். வெட்டிய முள்ளை எரிக்காமல் மட்டக்கோட்டில் குறுக்கே போட்டு மேலே கல் வைத்தால் அதுவே ஒரு வருடத்துக்கு நல்ல தடுப்பு.

எல்லா இடத்தையும் பச்சையாக்க வேண்டாம்

நைஜர், சோமாலியா மாதிரி நாடுகளில், கண்ணுக்கே தெரியாத லேசான சரிவில், வெற்று நிலமும் புதர்க்காடும் மாறி மாறிப் பட்டை பட்டையாகக் கிடக்கும். மேலே விமானத்திலிருந்து பார்த்தால் புலித்தோல் மாதிரி இருக்கும், அதனால் புலிப்புதர் என்றே பெயர். வெற்றுப் பட்டையில் ஓடு கட்டிய மண் மழையைக் குடிக்காமல் கீழே தள்ளுகிறது, அதற்குக் கீழே உள்ள புதர்ப்பட்டை அந்தத் தண்ணீரையும் தன் பங்கு மழையையும் சேர்த்துக் குடிக்கிறது. மழை எல்லா இடத்துக்கும் போதாத நிலம் தானாகவே கண்டுபிடித்த வழி இது. நம் சரளை மேட்டுக்கும் இதை எடுத்துக்கொள்ளலாம். மண்ணே இல்லாத மேட்டை உழுது பயிர் வைக்காமல் அப்படியே நீர்ப்பிடிப்பாக விட்டு, அதன் காலடியில் பிறை வடிவ வரப்பு போட்டு, பிறையின் உள்ளே ஒரு புளியோ இலந்தையோ வையுங்கள்.

புர்கினா பாசோவின் வடக்கே, யாதெங்கா பகுதியில், யாக்கூபா சவாடோகோ என்ற விவசாயி, 1980 வாக்கில், வறட்சிக் காலத்திலேயே இறுகிய தரையில் சின்னச் சின்னக் குழிகள் தோண்டி எருவைப் போட்டு வைத்து, மழைக்குக் காத்திருந்தார். எருவுக்குக் கரையான் வந்தது, கரையான் துளைத்த வழியே தண்ணீர் இறங்கியது, குழியில் சோளமும் கம்பும் வந்தன, கூடவே மரமும் வந்தது. அந்தக் குழி முறை அவர்கள் ஊரில் முன்னமே இருந்ததுதான், அவர் அதைப் பெரிதாக்கி எரு சேர்த்தார். 2018-ல் ரைட் லைவ்லிஹுட் விருது வாங்கினார், 2023-ல் காலமானார். ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழம், இரண்டு கை தொழு உரம், அவ்வளவுதான் செலவு. சித்திரையில் நானும் ஒரு மூலையில் இருநூறு குழி போட்டேன். ஓடு கட்டிய அந்த மூலையில் முதல்முறையாகக் கம்பு கதிர் பிடித்தது.

ஏற்கனவே அறுத்த பள்ளம் இருந்தால்

மழை அறுத்த பள்ளத்தை மண் போட்டு மூடினால் அடுத்த மழையில் அந்த மண்ணும் போகும். பள்ளத்தின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கல் தடுப்பு வையுங்கள். இரு கரையிலும் கல் ஒரு அடியாவது உள்ளே புதைந்திருக்க வேண்டும், நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கரையை அறுத்துச் சுற்றிப் போய்விடும். கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்கு வருகிற மாதிரி இடைவெளி விடுங்கள். சிமென்ட் வேண்டாம், தண்ணீர் கசிந்து போனால்தான் நல்லது, வண்டல் பிடித்த இடத்தில் நாணலும் அருகும் தானே வரும்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன். உங்கள் காட்டில் விழுந்த மழையை உங்கள் காட்டில் நிறுத்துங்கள், ஆனால் பொது ஓடையையும் கண்மாயின் வரத்துக்காலையும் மறிக்காதீர்கள். தென் மாவட்டத்தில் ஒரு கண்மாயின் கலுங்குத் தண்ணீர்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து, மேலே ஒருவர் மறித்தால் கீழே எத்தனையோ ஊருக்குப் போகாது. மேலே எல்லோரும் வரப்பு போட்டால் கண்மாய்க்கு வரும் தண்ணீர் ஓரளவு குறையும் என்பதும் உண்மை, அதனால் கீழ்ப் பாசனக்காரர்களிடம் பேசிவிட்டே தொடங்குங்கள்.

கடைசியாக, செய்த வேலை பலித்ததா என்று பார்க்க ஒரு வழி. நல்ல மழை விட்டு மூன்றாம் நாள், விரற்கடை கனமுள்ள இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் வரப்பின் மேல்பக்கம், நடுக்காடு, வரப்பே போடாத இடம் என்று மூன்றிலும் கையால் அழுத்துங்கள். ஈர மண்ணில் இறங்கிக்கொண்டே போகும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். ஆழத்தைச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். எங்கள் மோட்டார் அறைச் சுவரில் முதல் வருடம் முக்கால் அடி என்று இருக்கிறது, போன கார்த்திகையில் வரப்பை ஒட்டி இரண்டேகால் அடி, நடுக்காட்டில் ஒன்றரை. நடுக்காட்டுக்கு இன்னும் சருகு போதவில்லை, இந்த வருடம் துவரை மிலாரை (காய்ந்த குச்சியை) வெளியே விற்காமல் அங்கேயே பரப்பப் போகிறேன்.